கோடி

யாஸ் நூலகத்தில் இரண்டு கணப்புகள்.
ஒன்றுதான் வேலை செய்யும்.
வியாழன் மாலைகளில் அதன் பக்கத்துக் கணினியை
ரெக் ஆஸ்க்வித் பிடித்துக்கொள்வார்.
நாற்பத்தோரு ஆண்டு
கம்பளி தரம் பிரித்தவர்.
ஒரு கற்றை ரோமத்தைக் காதருகே இழுத்துச் சுண்டி
இந்த ஆடு எந்தக் கோடையில் பட்டினி கிடந்தது
என்று சொல்லிவிடுவாராம்.
இப்போது இறந்தவர்களைத் தேடுகிறார்.

யார்க்ஷயரில் ஒரு சிற்றூர்த் தேவாலயம்.
அதன் அடக்கப் பதிவேடு
ஈரக்கறையும் பூச்சித் துளையுமாக
எங்கள் திரையில் ஒளிர்கிறது.
எழுத்து அவருக்குப் பிடிபடவில்லை.
எனக்கு அது தாய்மொழியே இல்லை,
ஆனால் சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில்
பத்திரம் எழுதியவர் என் அப்பா;
கோணல் எழுத்து எனக்குப் புதிதல்ல.
'எஸ்' என்பது புழு மாட்டாத தூண்டில்போல்
நீண்டு நிற்கும், பழகிவிடும்.

பிப்ரவரிக்கு இரண்டு ஆண்டு எண்கள்:
1711, அதன் காலடியில் சின்னதாய் 12.
அப்போது புத்தாண்டு மார்ச் இருபத்தைந்தில் என்றார்.
எங்களுக்குச் சித்திரையில் என்றேன்.
ஆடுகளுக்கு ரோமம் வெட்டுவது எந்த மாதம்
என்று கேட்டார்.

ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரே சொல்.
கம்பளியில்.
கம்பளியில்.
குழந்தை, பெயரிடவில்லை, கம்பளியில்.
பிணத்தை ஆட்டுக் கம்பளி தவிர
வேறெதிலும் சுற்றிப் புதைக்கக் கூடாது,
எட்டு நாளுக்குள் சத்தியச் சீட்டு தரவேண்டும்,
அப்படி ஒரு சட்டம்.
"பாரேன், செத்தவனும் வாடிக்கையாளன்"
என்றார் ரெக், தானே இயற்றியதுபோல.

எங்கள் பக்கம் பிணத்துக்குப் போர்த்துவது கோடி.
வெளுக்காத புதுத்துணி.
நூறு லட்சத்துக்கும் அதுதான் பெயர்.
அரைஞாண் கயிற்றையும் அறுத்து எடுத்த உடம்பின்மேல்
அந்தச் சொல்லைப் போட்டு அனுப்புகிறோம்.
இதை அவரிடம் சொல்லத் தொடங்கி
நிறுத்திக்கொண்டேன்.
அச்சுப்பொறியில் தாள் சிக்கியிருந்தது.

ஏழாவது வியாழன் டாமரிஸ் கிடைத்தாள்.
டாமரிஸ் ஆஸ்க்வித், கைம்பெண்.
ரெக்குக்கு ஒன்பது தலைமுறை முந்தியவள்,
ஹ்யூவின் தாய்,
இத்தனை ஆஸ்க்வித்துகளும் இறங்கி வந்த படி.
கம்பளி இருக்கவேண்டிய இடத்தில்
வேறு ஒரு சொல். ஐந்தெழுத்து.
நம் மொழியிலும் எழுத்து ஐந்துதான்:
அம்மணம்.

நான் முதலில் படித்துவிட்டேன்.
படித்தவள் பக்கத்தைக் கொஞ்சம் மேலே தள்ளினேன்,
கை தானாகச் செய்தது.
"கீழே வா" என்றார்.
அவர் கண்ணாடியைத் துடைத்தார்.
போட்டார். மறுபடி துடைத்தார்.

அடுத்த வரி ஒன்பது நாள் கழித்து.
பண்ணைத் துரையின் மனைவி, லினனில்.
சட்டத்தை மீறியதற்கு அபராதம் ஐந்து பவுன்:
பாதி துப்புக் கொடுத்தவருக்கு,
பாதி ஊர் ஏழைகளுக்கு.
ரெக்கின் விரல் திரையில்
அந்த இரண்டு வரிகளுக்கு நடுவே
போய்ப் போய் வந்தது.
"அந்த மலையெல்லாம் ஆடு மேயும்" என்றார்,
அவ்வளவுதான்.

குடும்ப வரைபடத்தில்
பிறந்த ஊருக்குக் கட்டம் உண்டு,
தொழிலுக்கு உண்டு,
இதற்கு இல்லை.
குறிப்பு என்ற இடத்தில்
'எளிமையான அடக்கம்' என்று போடட்டுமா என்றேன்.
"வேண்டாம். அந்த எழுத்தன் எழுதியதையே எழுது.
அவன் அங்கே நின்றிருக்கிறான்."
எழுதினேன். ஐந்தெழுத்து.

வெளியே இரண்டு டிகிரி.
வாசலில் நின்று கம்பளிச் சட்டையின் பித்தான்களைக்
கீழிருந்து கழுத்துவரை போட்டார்.
ஒன்று தவறியிருந்தது.
எல்லாவற்றையும் அவிழ்த்து
முதலிலிருந்து போட்டார்.

ஆறு மணிக்குக் கணப்பை அணைக்கவேண்டும்,
அது நகரசபை விதி.
ஆறு பத்துக்கு அணைத்தேன்.