எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையில்

ஊழியர் நலத் திட்டமென்று
ஜூலை முதல் வாரம்
ஆளுக்கொரு கறுப்புப் பட்டை தந்தார்கள்.
பரமட்டாவில் அன்று காலை மூன்று டிகிரி.
கையுறையைக் கழற்றி
நாடி பார்க்கக் கொடுப்பதுபோல
மணிக்கட்டை நீட்டினோம்.

நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடி.
முந்தும் குழுவுக்கு ஒரு பழக்கூடை.
என் மொழியில் அடி என்பது
வாங்குவதும்தான் என்று
லாக்லனிடம் நான் சொல்லவில்லை.
எங்கள் குழுத்தலைவன். நல்லவன்.
யாருடைய பிறந்தநாளையும் மறக்காதவன்.

எங்களுடையது காப்பீட்டில் தண்ணீர்ப் பிரிவு.
ஹாக்ஸ்பரி ஆறு ஏறி இறங்கிய வீடுகள்
ஒவ்வொன்றாகத் தொலைபேசியில் வரும்.
சுவரில் ஈரம் எத்தனை சென்டிமீட்டர்?
தண்ணீர் மேலிருந்து வந்ததா, கீழிருந்தா?
மேலிருந்து என்றால் மழை. பணம் உண்டு.
கீழிருந்து என்றால் ஆறு. இல்லை.
ஓர் அழைப்புக்கு ஏழு நிமிடம்.
இருக்கையைவிட்டு நகர்ந்தால்
திரையில் என் பெயர்
பச்சையிலிருந்து ஆரஞ்சுக்கு மாறும்.

ஐம்பது நிமிடத்துக்கு ஒருமுறை
பட்டை அதிரும்: எழுந்திரு.
திரை சொல்லும்: உட்கார்.
இரண்டு பேர் பேச்சையும் கேட்க வேண்டுமானால்
தோப்புக்கரணம்தான் போட வேண்டும்.

திருமதி வெஸ்காட் அழைத்தது ஒரு செவ்வாய்க்கிழமை.
கணவரின் சக்கர நாற்காலி
கூடத்திலிருந்து சமையலறை வரைக்கும்
தள்ள ஆளில்லாமலே போனது என்றார்.
மேலிருந்தா, கீழிருந்தா என்று கேட்டேன்.
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது.
“எல்லாப் பக்கமும் தண்ணீர்தான், கண்ணு.”
அந்த நேரம் பார்த்து மணிக்கட்டு அதிர்ந்தது.
எழுந்தேன்.
நின்றபடியே
‘கீழிருந்து’ என்ற கட்டத்தை அழுத்தினேன்.
ஆறு நிமிடம் நாற்பது விநாடி.

அதன்பிறகு இரவு மூன்று மணிக்கு
விழிப்பு வந்துவிடும்.
குளியலறைக் குழாயை
இறுக்கி மூடிவிட்டு வந்து படுப்பேன்,
மறுபடி போய்ப் பார்ப்பேன்.
உடற்பயிற்சி செய்கிறீர்களா என்றார் டாக்டர்.
பட்டையைக் காட்டினேன். பாராட்டினார்.

மதிய இடைவேளையில்
தீயணைப்புப் படிக்கட்டில் ஏறத் தொடங்கினேன்.
பதினான்கு மாடி. ஜன்னல் கிடையாது.
ஒவ்வொரு மாடிக் கதவுக்கு மேலும்
விளக்குப் பெட்டிக்குள் பச்சை மனிதன்
வெளியே ஓடிக்கொண்டே இருக்கிறான்,
வெளியே போனதில்லை.
முதல் வாரம் நாலாம் மாடியில் மூச்சு முட்டியது.
இரண்டாம் வாரம் ஆறு.
மூன்றாம் வாரம்
எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையில்
லாக்லன் உட்கார்ந்திருந்தான்.

காலணிகளைக் கழற்றி வைத்திருந்தான்.
பட்டை கட்டிய கை மட்டும்
தொட்டில் ஆட்டுவதுபோல
முன்னும் பின்னும், முன்னும் பின்னும்.
இருந்த இடத்திலேயே
அடிகளைச் சேர்த்துக்கொண்டிருந்தான்.
கன்னத்தில் ஈரம்.
மேலிருந்தா கீழிருந்தா என்று
நான் கேட்கவில்லை.

முழங்கால்களை ஒதுக்கி வழிவிட்டான்.
ஏறிப் போய்விட்டேன்.

மறுநாளும் அப்படித்தான்.
மூன்றாம் நாள்
அவனுக்கு இரண்டு படி மேலே உட்கார்ந்து
புளிச்சோற்றைத் திறந்தேன்.
என் பட்டையைக் கழற்றி நீட்டினேன்.
வாங்கி, அதையும் சேர்த்து ஆட்டினான்.
பிறகு இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது,
படிக்கட்டு முழுக்க அது எதிரொலித்து
யாரோ கீழே கதவைத் திறந்து பார்த்தார்கள்.

எங்கள் குழு இரண்டாம் இடம்.
பழக்கூடை கணக்குப் பிரிவுக்குப் போனது.
வெஸ்காட் கோப்பை
மறுபரிசீலனைக்கு அனுப்பியிருக்கிறேன்.
லாக்லன்தான் கையெழுத்திட்டான்.
பதில் மேலிருந்து வர வேண்டும்.

செப்டம்பரில் அவன் விடுப்பில் போனான்.
எத்தனை நாளென்று மின்னஞ்சலில் இல்லை.
அவன் இருக்கையில் இப்போது வேறொருத்தி,
அவளும் நல்லவள்தான்.
பட்டை என் இழுப்பறையில்
எப்போதாவது அதிர்கிறது.

படியேறுவதை நான் விடவில்லை.
பதினான்கு மாடி, ஒரே மூச்சு இல்லை,
இரண்டு மூன்று மூச்சு.
எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையில் மட்டும்
சுவரோரமாக ஒதுங்கி ஏறுகிறேன்,
யாரோ உட்கார்ந்திருப்பதுபோல.