ஓரக் குறிப்பு

இலோய்லோ நகரப் பதிவகத்தில்
மூன்றாம் மேசை என்னுடையது.
தீர்ப்பு வந்தால் பழைய ஏட்டை எடுப்பேன்.
பக்கத்தைக் கிழிப்பதில்லை.
பெயர்கள் அப்படியே இருக்கும், சாட்சிகளும்.
ஓரத்தில் மட்டும் சிவப்பு மையால்
"தொடக்கம் முதலே செல்லாது" என்று எழுதுவேன்.

இந்த நாட்டில் மணவிலக்கு கிடையாது.
முடிச்சை அவிழ்க்க வழியில்லாதவர்கள்
முடிச்சே விழவில்லை என்று
நிரூபிக்க வேண்டும்.

கிரிசாந்தா பாலஸ்தெரோஸ் நிரூபித்தாள்.
நான்கு ஆண்டுகள், விற்ற ஒரு வயல்,
கணவனைப் பார்த்தேயிராத உளவியலாளர் தந்த
பதினெட்டுப் பக்க அறிக்கை.

ஆகவே
ஹாரோ தேவாலய வாசலில் அன்று பெய்த மழை
எவரையும் நனைக்கவில்லை.
விருந்துக்கு அறுத்த பன்றி
எங்கோ உயிரோடு இருக்க வேண்டும்,
பதினோராண்டுக் கொழுப்போடு.
முன்பல்?
தீர்ப்பில் அதற்குப் பத்தி இல்லை.

மகள் மட்டும் செல்லும்.
சட்டமே சொல்கிறது:
நடக்காத திருமணத்தில்
முறையாகப் பிறந்தவள்.
அம்மா கையெழுத்திடும் நேரத்தில்
என் ரப்பர் முத்திரையை எடுத்து
புறங்கையில் குத்திக்கொண்டு
ஊதிப் பார்த்தாள்.

கட்டணத்தை எண்ணினேன்.
வளைந்துபோன ஒரு பெசோவைத் தள்ளி
"இது செல்லாது" என்றேன், பழக்கத்தில்.
கிரிசாந்தா சிரித்துவிட்டாள்.
பல் இல்லாத இடம் தெரிந்தது.

அவர்கள் போன பிறகும் ஏட்டை மூடவில்லை.
மை ஈரம்.
எதிர்ப்பக்கத்தில்
அதே வாரம் மணந்த வேறொரு ஜோடி.
ஒட்டிவிடக் கூடாது.