குடும்ப வரலாறு

நர்சிங் சேர்க்கைக்கு
உடல்தகுதிச் சான்று வேண்டுமென்று
ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்கு
முதல் பஸ்ஸில் போனோம்.
முந்தின இரவு நண்டு கம்பெனியில்
கூடுதல் நேரம் பார்த்த விரல்கள்,
மூன்று தடவை சோப்புப் போட்டும்
கவுச்சி போகவில்லை.
'கைய மடியில வச்சுக்கம்மா' என்றாள் ஜெனிட்டா,
மெதுவாகத்தான்.

டாக்டர் நிமிராமல் கேட்டார்:
வீட்டில் யாருக்காவது சர்க்கரை?
எனக்கு, என்றேன்.
ஆறு வருஷமாக மாத்திரை.
எழுதப்போன பேனாவை
அவள் நிறுத்தினாள்.
'அது என் கணக்குல வராது சார்.
என்னைத் தத்தெடுத்திருக்காங்க.
தெரியாதுன்னு எழுதிக்கங்க.'

எழுதிக்கொண்டார்.
ரத்தக்கொதிப்பு? தெரியாது.
வலிப்பு? தெரியாது.
இதயக் கோளாறு?
நான் மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறைத்ததில்லை நாங்கள்.
நாலு வயதிலேயே சொல்லியாயிற்று,
மாதா கோயில் கொடியேற்றத்தன்று,
கையில் பஞ்சுமிட்டாய் இருக்கும்போது.
சரி என்று நக்கிக்கொண்டே கேட்டவள்தான்
பதிமூன்றில் ஒரு கச்சான் காலம் முழுக்க
அப்பாவிடம் பேசவில்லை.
அமலதாஸ் தினமும் கரையேறியதும்
என்னிடம் கேட்பார்: 'இன்னைக்கு?'
பதினைந்தில் கண்ணாடி முன் நின்று
இந்த மூக்கு யாரோடது என்றாள்.
அடுப்பில் உலை பொங்கிக்கொண்டிருந்தது.
எனக்கு அது வசதியாய்ப் போயிற்று.

திரும்புகையில்
உச்சிப்புளி தாண்டியதும் சொன்னாள்:
'பதினெட்டு ஆயிருச்சுல்ல,
ஃபைலை நானே கேக்கலாமாம்.
மதுரைக்குப் போகணும்.'

போ என்று சொல்ல
அத்தனை தூரம் தேவைப்பட்டது எனக்கு.
மண்டபமும் போய்
பாலத்தில் பஸ் ஏறிய பிறகுதான் சொன்னேன்.

'நீயும் வா.
ஆபீஸ் உள்ள வேணாம்.
எதுத்தாப்ல டீக்கடை ஏதாச்சும் இருக்கும்,
அங்கன இரு.
ஒண்ணுமே கிடைக்கலன்னாலும்
வெளிய வந்ததும் யாராச்சும் இருக்கணும்ல.'

திங்கட்கிழமை லீவு சொல்ல வேண்டும்.
பீரோவில் ரேஷன் கார்டுக்கு அடியில்
மஞ்சள் கவரில் கோர்ட் உத்தரவு.
அதன் கீழே, அவள் வந்த அன்று
போட்டிருந்த பச்சைச் சட்டை.
துவைக்கவே இல்லை அதை.
என் வீட்டு வாசனை இல்லாத ஒன்று
அவளுக்கென்று இருக்கட்டும் என
எடுத்து வைத்தது.
இன்னும் இருக்கிறதா என்று
முகர்ந்து பார்க்கப் பயம்.

சாவியை அவளிடமே கொடுத்துவிடுவேன்.
இந்தக் கையால்
அதைத் தொடக்கூடாது.