இரண்டாம் பொருள்

ஆய்வுக்காரரின் ஆங்கிலப் படிவத்தைத் தமிழாக்கப்
பக்கத்துக்கு எண்ணூறு ரூபா.
பதினோராம் கேள்வியில் தட்டுப்பட்டு நின்றது பேனா.
கிளாஸ். ஒற்றைச் சொல்.

வர்க்கம் என்று போட்டேன். வெட்டினேன்.
வகுப்பு என்று போட்டேன்;
டியூசன் கொட்டிலில் கணக்குப் பிழைத்த பிள்ளைகள்
வாங்கில் ஏறி நின்றார்கள்.
வகு என்றால் பிரி.
தலை வகிடும் அந்த வேர்தான்,
சீப்பின் ஒரு பல் போன பாதை.

அகராதிக்குள் இறங்கினால்
சொல் வேறு பக்கம் போகிறது.
ஆங்கிலத்துக்குப் பிரெஞ்சு கொடுத்தது,
பிரெஞ்சுக்கு இலத்தீன்.
அங்கே அதன் அடி, சிலர் சொல்வதுபோல், கூப்பிடுதல்.
கொம்பூதி ஊரைக் கூட்டி
ஆளுக்கு எவ்வளவு சொத்தென்று எண்ணி
ஐந்து தட்டாய் நிறுத்தியது உரோமாபுரி.
இரண்டாம் பொருள்: கப்பற்படை.

நிமிர்ந்தேன்.
உட்துறைமுக வீதிக்கு அப்பால்
சாம்பல் நிறத்தில் இரண்டாம் பொருள்
நங்கூரமிட்டு நின்றது.
அதன் கிட்டப் போகத் தோணிகளுக்கு அனுமதியில்லை.

மறுநாள் திருக்கடலூர்.
கருவாட்டில் ஈ விரட்டிய கையோடு
இராசகிளி பதில் சொன்னாள்.
வள்ளம்? இல்லை.
இஞ்சின்? "அடைவில கிடக்கு."
காணி? சிரித்தாள்.
பிள்ளைகள்? "மூண்டு."
பதினோராவதுக்கு மட்டும் என்னைத் திருப்பிக் கேட்டாள்:
"வர்க்கமோ? நல்ல வர்க்கத்து ஆடெண்டு சொல்லுவினம்.
எங்களை ஆர் அப்பிடிக் கேட்டது?"

உரோமாபுரிக் கணக்கனுக்கும்
இப்படி ஒருத்தி வாய்த்திருப்பாள்.
ஐந்து தட்டிலும் கொள்ளாதவர்களுக்கு
பிள்ளைகளை மட்டும் எழுதிக்கொண்டானாம்.
பிள்ளை என்ற சொல்லே அவர்களுக்குப் பெயராகி,
நூற்றாண்டுகள் கிடந்து,
சிவப்புக் கொடிகளில் ஏறி
பாட்டாளி என்று நம்மிடம் இறங்கியது.
இறங்கும்போது பிள்ளையைக் காணோம்.
பாடு மட்டும்.
கரைவலைக்காரருக்குப் பாடென்றால்
வலை வளைக்கும் கடல்துண்டு.
இராசகிளியின் புருசனுக்கு
அப்படி ஒன்று இருந்தது, கம்பிவேலிக்கு முன்பு.
படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.

பதினோராம் கட்டத்தில்
மூன்று என்று எழுதிவிட்டேன்.
பிழை என்று திருப்பி அனுப்புவார்கள்.

கோட்டை வாசல் கடையில் பிளேன்டீ.
"கிளாஸிலயோ, கோப்பையிலயோ?" என்றான் பையன்.
எனக்குச் சிரிப்பு வந்தது, அவனுக்கு விளங்கவில்லை.
எங்கோ உள்ளே படைத்துறைச் சங்கு ஊதியது.
பஸ்ஸுக்கு நின்ற ஒருவரும் திரும்பவில்லை.
பிஸ்கட் பெட்டியின் அட்டையை மென்றுகொண்டிருந்த மான்
வாயை நிறுத்தி
காதை நிமிர்த்தியது.