தெரியுதா

கத்திரி பிறந்து மூன்றாம் நாள்.
அக்கினி நட்சத்திரம் என்று பேர்தான்,
பகல் முழுக்க ஒரு நட்சத்திரத்தையும் காணோம்.
சுவர் சுட்டது, குழாய்த் தண்ணீர் சுட்டது,
இரவு இரண்டே முக்காலுக்குக் கரண்டும் போனது.
காட்பாடியே புரண்டு படுத்தது.

பாயைச் சுருட்டிக்கொண்டு பின்பக்கம் வந்தேன்.
தோட்டம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம்.
இலவம்பாடி முள்ளுக்கத்திரி நாலு பாத்தி,
ஒரு கறிவேப்பிலை,
துணி காயும் கம்பி. அதில்
மாடி அறைக்காரியின் புடவை,
சிவப்புக் கரை, இருட்டில் கறுப்பு.

பேப்பரில் போட்டிருந்தார்கள்:
நிலா இறங்கிய பிறகு, கிழக்கே, கும்ப ராசிப் பக்கம்,
ஹாலி வால்நட்சத்திரம்
எப்போதோ உதிர்த்துவிட்டுப் போன தூசி.

ஹாலியோடு எனக்கு ஒரு பழைய பாக்கி.
எண்பத்தாறு. குடியாத்தம். ஆறாம் வகுப்பு.
ஆற்று மணலில் எங்களை வரிசையாக நிறுத்தி
"தெரியுதா? தெரியுதா?" என்று
ஒவ்வொரு தலையாகத் தொட்டுக்கொண்டே வந்தார் கணக்கு சார்.
எனக்கு முன்னால் நின்ற மரகதவல்லி
தெரியுது சார் என்றாள்.
நானும் தெரியுது என்றேன்.
அன்றிலிருந்து பார்த்தவளாகவே இருக்கிறேன்,
வீட்டுக்காரரிடம்,
பிள்ளைகளிடம்,
வால் இவ்வளவு நீளம் என்று கையை விரித்துக்கூட.

மூன்றரைக்கு முதல் கீறல்.
நமுத்த பெட்டியில் உரசிய தீக்குச்சி மாதிரி,
பற்றியதா என்று கேட்பதற்குள் இல்லை.

"தாரா" என்றது ஒரு குரல்.
மாடிப்படியில் ஷிபானி.
மால்டாவிலிருந்து வந்து ஐம்பத்திரண்டு நாள்.
புருஷன் ஆஸ்பத்திரியில்,
இவள் எங்கள் மாடியில், ஒரு ஸ்டவ், ஒரு பையோடு.
எங்கள் இருவருக்கும் பொதுவில் உள்ள சொற்கள்
தண்ணி, டோக்கன், வாடகை,
ஆலு என்றால் உருளைக்கிழங்கு,
பேகுன் என்றால் கத்திரிக்காய்.
இப்போது தாரா.

அடுத்தது கொஞ்சம் தாட்டியாக விழுந்தது.
எரிநட்சத்திரம் பார்த்தால் மறதி வரும்,
உடனே பச்சை மரத்தைப் பார்த்துவிட வேண்டும்
என்பது எங்கள் பக்கத்துச் சொல்.
எனக்கு வந்தால் வந்துவிட்டுப் போகட்டும்.
இவள் மறக்கக் கூடாதவை நிறைய வைத்திருக்கிறாள்:
வார்டு எண், ரத்தம் கொடுக்க வேண்டிய தேதி,
எந்த மாத்திரை எந்த வேளைக்கு.
ஆனால் அந்நேரத்துக்குப் பச்சைக்கு எங்கே போவது?
கறிவேப்பிலை கறுப்பு. கத்திரி கறுப்பு.
ஊரிலேயே மிச்சமிருந்த ஒரே பச்சை
ரயில்வே யார்டு சிக்னல்.
அதைக் காட்டினேன். பார், பார் என்றேன்.

அவள் முகம் சுருங்கியது.
"டிக்கெட்... வெயிட்டிங்" என்றாள்.
நாலு விரல், பிறகு இரண்டு விரல்.
ஐயோ, அறையைக் காலி பண்ணச் சொல்லவில்லை, தாயே.
அதை எந்த பாஷையில் சொல்வது?
கையைப் பிடித்து இழுத்துப்
பாயில் பாதி விட்டேன்.
நல்லவேளையாக ஒரு கூட்ஸ் வந்து
ஐம்பது பெட்டி நேரத்துக்கு
யாரும் எதுவும் பேச வேண்டாதபடி செய்தது.
அது போனபோது சிக்னல் சிவப்பு.

அவள் பதினொன்று எண்ணினாள், நான் எட்டு.
கடைசி ஒன்று மலைக்கு மேலே நெடுந்தூரம் போனதாம்.
"தேகோ!" என்று என் தோளில் அடித்தாள்.
நான் அப்போது கெண்டைக்காலில்
கொசுவை அடித்துக்கொண்டிருந்தேன்.
பார்த்தாயா என்று புருவத்தைத் தூக்கினாள்.

தெரியல என்றேன்.

சொல்லிவிட்டு எனக்கே தூக்கிவாரிப்போட்டது.
"தெரியல?" என்றாள்.
தெரியல.

நாலு இருபதுக்குக் கரண்ட் வந்து
தெருவிளக்கு வானத்தைத் துடைத்துப் போட்டது.
யார் வீட்டு மோட்டாரோ கத்த ஆரம்பித்தது.

ஏழு மணிக்கு டிபன் கேரியரோடு இறங்கினாள்.
காம்பு முள் தைத்த விரலைச் சப்பிக்கொண்டே
நாலு கத்திரிக்காயை அவள் பையில் போட்டேன்.
அவருக்கு எப்படி இருக்கிறது என்று
வழக்கம்போலக் கையால் கேட்டேன்.
வழக்கமாகத் தலையை ஆட்டுவாள்,
இப்படியா அப்படியா என்று பிடிபடாத ஆட்டல்.

இன்று நின்று, வாயைத் திறந்து,
கொஞ்சமும் கொச்சை இல்லாமல்
"தெரியல" என்றாள்.