பேச்சு கேட்கவில்லை

மூன்றாம் குளிர்காலம் இது, அசரையா பெல்லி,
உன்னைத் தேடி நான் பேருந்து ஏறுவது.
செயின்ட் ஜான்ஸ் ஆவணக்காப்பகத்தில்
என் நாற்காலிக்கு ஒரு கால் ஆடும்.
அடியில் மடித்து வைக்க
பழைய மீன்விலைப் பட்டியல் ஒன்றை
நோஸ்வர்தி தாமே எடுத்துத் தருவார்:
"நகல் இருக்கிறது, பயப்படாதீர்கள்."

உன் பெயரை மூன்று விதமாய் எழுதியிருக்கிறார்கள்.
ஞானஸ்நானப் பதிவில் ஓர் எழுத்து குறைவு,
வியாபாரியின் பேரேட்டில் ஓர் எழுத்து அதிகம்.
கடன்காரனுக்கு எழுத்தும் வட்டியோடு ஏறும் போலும்.

திருமணப் பதிவில் நீ போட்டது சிலுவைக்குறி.
உன் கெசியா கையெழுத்தே இட்டிருக்கிறாள்,
கோணலாய், காகிதம் கிழியும் அழுத்தத்தோடு.
பதினோரு ஆண்டு கழித்து
சட்டசபை வருகைப் பதிவில் உன் கையெழுத்து:
அதே கோணல், அதே அழுத்தம்.
யாரிடம் கற்றாய் என்று நான் குறித்துவைக்கவில்லை.
ஆதாரம் போதாது.
திரும்புகையில் வழிநெடுக
அதையே நினைத்துக்கொண்டு வந்தேன், அவ்வளவுதான்.

உன்னைத் தேர்ந்தெடுத்தவர்கள் பதினேழு பேர்.
வாய்விட்டுச் சொல்லும் வாக்கு அப்போது.
எதிராளிக்கு விழவிருந்த நாற்பதும்
மூடுபனியில் படகோடு நின்றுவிட்டன.
பனி போட்ட வாக்கில் ஜெயித்தவன் நீ.

கறுப்புக் கோட்டு ஒன்று, இரவல், என்கிறது பேரேடு.
திரும்பி வந்தது, இடது கை கிழிந்து.
கணக்கில் கழித்தது
இரண்டு குவிண்டால் கருவாடு.

கூட்டத்தொடருக்கு ஒன்பது நாள் பிந்தி வந்தாய்.
எழுந்து நின்றது ஒரே ஒரு முறை.
குறிப்பாளர் எழுதினார்:
"கிராப்னல் குடாவின் உறுப்பினர் பேசினார்.
பேச்சு கேட்கவில்லை."

அந்த ஒரு வரியில் மூன்று வருஷம் குடியிருந்தேன்.
கேட்காத பேச்சை நானே எழுதிப் பார்த்தேன்,
கடனைப் பற்றி, கவர்னரைப் பற்றி,
மார்ச் மாதத்துப் பசியைப் பற்றி.
உனக்கு நல்ல குரல் கொடுத்தேன்.
ஊர்க்கூட்டத்தில் அதைச் சொல்லியும் தொலைத்தேன்.
நினைவுக்கல் வைப்பதென்று முடிவாயிற்று,
பொருத்தமாய், கலங்கரை விளக்கத்தின் அடியில்.

நேற்றுக் கிடைத்தது வாக்கெடுப்புத் தாள்.
கிராப்னல் பாறையில் விளக்கு அமைக்க:
ஆதரவு ஆறு.
எதிர்ப்பு எட்டு.
எட்டில் கடைசிப் பெயர் உன்னுடையது,
இந்த முறை எழுத்துப்பிழை இல்லாமல்.

நோஸ்வர்தி தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.
"விளக்கு வந்தால் மாவுக்கு வரி ஏறும்,
அதனால் இருக்கலாம்" என்றார்.
இருக்கலாம்.
அவர் தலைநகரத்துக்காரர்.
எனக்கு என் வீட்டைத் தெரியும்.
சமையலறை உத்தரத்தில், ஏதோ அயல்மொழியில்,
பாதியில் அறுபட்ட ஒரு கப்பலின் பெயர்.
அதில் அறைந்த ஆணியில்தான்
என் மழைக்கோட்டு தொங்குகிறது.
எங்கள் ஊரின் எந்தப் பழைய கதவும்
கதவாகப் பிறந்ததில்லை.
இருட்டில் பாறை மோதிய ஒவ்வொரு கப்பலும்
மாவு கொடுத்தது, வெண்ணெய் கொடுத்தது, பலகை கொடுத்தது,
சில சமயம்
ஒற்றைக் காலணியோடு ஒரு மாலுமியையும்.
அப்படி வந்தவர்களைப் புதைத்தோம். ஜெபத்தோடுதான்.

நீ என்ன பேசியிருப்பாய் என்று
இப்போது ஊகிக்க முடிகிறது.
ஏன் அத்தனை தணிந்த குரலில் என்பதும்.

நினைவுக்கல் குழுவுக்கு நாளைக்குள் ஒரு வரி வேண்டுமாம்.
பன்னிரண்டு சொல்லைத் தாண்டினால் காசு கூடும்.
"முதல் உறுப்பினர்" என்று எழுதினேன்.
அது உண்மை.
"ஊராரின் குரல்" என்று எழுதி, அடித்தேன்.
தேநீர் ஆறும்வரை அடித்த கோட்டையே பார்த்திருந்தேன்.
யோசித்தால் அதுவும் உண்மைதான்.

பத்து விநாடிக்கு ஒருமுறை
ஜன்னல் வழியே வெளிச்சம் வந்து போகிறது.
உத்தரத்தின் எழுத்துகள் தெரிகின்றன, மறைகின்றன.
எழுந்துபோய் மழைக்கோட்டைக் கழற்றி
கதவோரத்து ஆணியில் மாட்டினேன்.
அந்த ஆணியும் கப்பலுடையது.