செல்லாத சீட்டு

ஓரிகன், 1914 நவம்பர்

சாராயக்கடைகளைச் சட்டம் பூட்டிவைத்த நாள்,
ஆகவே தெருவில் ஒரு சண்டைகூட இல்லை.
பள்ளிக்கூடத்தில் மூன்று பேர் எண்ணினோம்:
நான், தபால்காரர் க்ளெம்,
ஹாப்ஸ் தோட்டத்து முதலாளியின் மச்சினன் லூதர்.
முந்தின நாள் நான் எழுதிய ஏழாம் வாய்ப்பாடு
கரும்பலகையில் அப்படியே கிடந்தது.
அதன் கீழே கோடு போட்டுக்கொண்டு வந்தேன்.
மாநிலம் முழுக்க மது விற்க வேண்டாம் என்றவர்கள் இடப்பக்கம்,
விற்கட்டும் என்றவர்கள் வலப்பக்கம்.

எங்கள் ஊரில் பீர் குடிப்பவர்கள் குறைவு.
பீருக்குக் கசப்பு கொடுக்கும் பூவைப் பறித்துத்தான்
எல்லா வீட்டிலும் மாவு வாங்கினார்கள்.

நூற்றுப் பதினான்காம் சீட்டைப் பிரித்த லூதர்
கையை உயர்த்தினார்.
"இது செல்லாது."

'வேண்டாம்' கட்டத்தில் அழுத்தமான பெருக்கல் குறி.
பக்கத்தில் ஒரு கட்டைவிரல்,
மஞ்சளாக.
அடையாளமிட்ட சீட்டு செல்லாது என்ற விதியை
அவர் வாசித்தார். இரண்டு முறை.

அந்த விரலை நான் ஊரில் ஒவ்வொருவருக்கும்
பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
மூட்டை கட்டும் கொட்டகையில் இருக்கும் யூடோரா:
அவள் புருஷன் சம்பள நாளில்
வண்டியோடு ஆற்றுக்குள் இறங்கியவன்.
இல்லை, லூதரின் அக்காளேகூட.
மதியம் வந்தாள், பலகையையே பார்த்து நின்றாள்,
பென்சில் பிடிக்கக் கையுறையைக் கழற்றினாள்.

சீட்டை முகர்ந்தேன்.
பூண்டும் பிசினும் கலந்த காய்ந்த நெடி.

க்ளெம் விளக்கைக் கிட்டே இழுத்தார்.
எண்ணி முடித்த கட்டின் நூலை அவிழ்த்து
'விற்கட்டும்' சீட்டுகளை
ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்தார்.
மஞ்சள். மஞ்சள். மடிப்பில் மஞ்சள்.
ஒன்றில் பாதி உள்ளங்கை.

"அப்போ ஊரையே செல்லாதுன்னு எழுதிடலாமா, லூதர்?"

லூதர் கைக்குட்டையில் விரல்களைத் துடைத்தார்,
பிறகு கைக்குட்டையை மடித்து உள்ளே வைத்தார்.
இடப்பக்கம் ஒரு கோடு கூடியது.

எங்கள் ஊர் பதினோரு வாக்கில் 'விற்கட்டும்' என்றது.
மாநிலம் 'வேண்டாம்' என்றது.

மார்ச்சில் கம்பங்களுக்கிடையே
மறுபடியும் கயிறு கட்டினார்கள்.
பூ இனிக் கப்பலேறுமாம்;
அங்கே எவன் குடித்தால் நமக்கென்ன என்றார் முதலாளி.
ஏணியின் உச்சியில் அவர் மனைவி, வெறுங்கையோடு.
என்னைப் பார்த்ததும் கயிற்றைப் பல்லிலிருந்து எடுத்துவிட்டு
"டீச்சர், அன்றைக்கே சொல்ல நினைத்தேன்,
ஏழொன்பது தப்பாக எழுதியிருந்தீர்கள்" என்றாள்.